கோவா வரை போன ‘அயலி’: ஒரு தொடருக்கு விருது எப்படிக் கிடைக்கிறது? ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வீடுகளுக்கு அதில் என்ன இருக்கிறது?

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ராஜபாளையம் நாய்க்கு 2005-லேயே இந்திய அஞ்சல் துறை தபால்தலை வெளியிட்டது. அதனால ‘அங்கீகாரம்’னா என்னன்னு இந்த ரெண்டு ஊர்க்காரங்களுக்கும் தனியா பாடம் எடுக்க வேண்டியதில்லை.

ஆனால் ஒவ்வொரு வீட்டுக் கூடத்திலும் தினமும் ஓடும் தொடர்களுக்கு? ஒரு சீரியல் நல்லா இருக்குன்னு முத்திரை குத்துவது யார்? சேனலா, அரசா, டிஆர்பியா? செல்போனில் பார்க்கும் வெப் தொடருக்கு விருது உண்டா?

இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல ஒரு தமிழ்த் தொடர் கைவசம் இருக்கிறது. அதன் பெயர் ‘அயலி’. 2024-ல் இந்திய அளவில் தேர்வான ஐந்து தொடர்களில் அதுவும் ஒன்று. விருது கிடைக்கவில்லை. ஆனாலும் அது சொன்ன கதை விருது மேடையோடு முடியவில்லை. விரிவாகப் பார்க்கலாம்.

‘அயலி’ என்ன கதை?

2023 ஜனவரி 26 அன்று ஜீ5 தளத்தில் வெளியான எட்டு எபிசோட் தொடர் இது. இயக்கியவர் முத்துக்குமார். அபி நட்சத்திரா, அனுமோல், அருவி மதன் ஆகியோர் முக்கிய வேடங்களில் நடித்தனர்.

கதை நடப்பது 1990-ல். புதுக்கோட்டை பக்கம் வீரப்பண்ணை என்கிற கற்பனை கிராமம். அந்த ஊரின் தெய்வம் அயலி. பெண் வயதுக்கு வந்ததும் கல்யாணம் செய்து கொடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் தெய்வக்குத்தம் ஆகிவிடும் என்பது ஊர்க்கட்டுப்பாடு. வயதுக்கு வந்த நாளோடு பள்ளிக்கூடமும் முடிந்துவிடும்.

பள்ளியில் படிக்கும் தமிழ்ச்செல்விக்கு டாக்டராக வேண்டும் என்று ஆசை. அதற்கு அவள் கண்டுபிடிக்கும் ஒரே வழி, தான் வயதுக்கு வந்ததையே ஊரிடமிருந்து மறைப்பது. அந்த ஒரு பொய்யை எத்தனை நாள் காப்பாற்ற முடியும், அம்மாவுக்குத் தெரிந்தால் என்ன ஆகும், ஊருக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்பதுதான் எட்டு எபிசோடும். மீதியைப் பார்க்காதவர்களுக்காக இதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

கோவாவில் என்ன நடந்தது?

இந்தியாவின் சர்வதேச திரைப்பட விழா ஒவ்வொரு ஆண்டும் நவம்பரில் கோவாவில் நடக்கிறது. 2024 நவம்பர் 20 முதல் 28 வரை நடந்தது 55-வது விழா. அதில் ‘சிறந்த வெப் தொடர்’ விருதுக்கு 10 ஓடிடி தளங்களிலிருந்து 46 தொடர்கள் போட்டிக்கு வந்தன. அவற்றிலிருந்து ஐந்து இறுதிப் பட்டியலுக்குத் தேர்வாயின.

‘கோட்டா ஃபேக்டரி’: நுழைவுத் தேர்வுக்குப் படிக்கும் மாணவர்களின் கதை, இந்தி.

‘காலா பானி’: அந்தமானில் பரவும் நோயைப் பற்றிய கதை, இந்தி.

‘ஜூபிலி’: பம்பாய் சினிமாவின் பழைய காலத்துக் கதை, இந்தி.

‘லம்பன்’: பெற்றோரைப் பிரிந்து தாத்தா பாட்டி வீட்டில் வளரும் சிறுவனின் கதை, மராத்தி.

‘அயலி’: தமிழ்.

விருது ‘லம்பன்’ தொடருக்குப் போனது. எழுத்தாளர் பிரகாஷ் நாராயண் சந்த் எழுதிய மராத்திக் கதைகளை வைத்து நிபுண் தர்மாதிகாரி இயக்கிய தொடர் அது.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கு. பெரிய நட்சத்திரங்கள், பெரிய பட்ஜெட், இந்திப் பார்வையாளர்கள் என்று எல்லாம் கையில் இருந்த மூன்று தொடர்களைத் தாண்டி ஒரு மராத்திச் சிறுவன் ஜெயித்தான். அவன் பக்கத்திலேயே இறுதிப் பட்டியலில் நின்றவள் ஒரு தமிழ்ப் பள்ளி மாணவி.

அந்த விருது எப்போது தொடங்கியது?

ரொம்பப் புதுசு. 2023 ஜூலையில் அப்போதைய தகவல் ஒலிபரப்புத் துறை அமைச்சர் அனுராக் தாக்கூர் அறிவித்தார். அந்த ஆண்டு நவம்பரில் நடந்த 54-வது விழாவில்தான் முதல் விருது. 15 தளங்களிலிருந்து 10 மொழிகளில் 32 தொடர்கள் வந்தன. ‘பஞ்சாயத்’ இரண்டாம் சீசன் ஜெயித்தது. கிராமப் பஞ்சாயத்து அலுவலகத்தில் செயலாளராக வேலைக்குச் சேரும் பட்டணத்துப் பையனின் கதை.

விதி எளிது. தொடர் ஏதாவது ஓர் இந்திய மொழியில் எடுக்கப்பட்டிருக்க வேண்டும், ஓடிடி தளத்துக்கானதாக இருக்க வேண்டும். ஆண்டுக்கு ஒரே ஒரு தொடருக்குத்தான் விருது. பரிசுத்தொகை 10 லட்சம் ரூபாய். அது இயக்குநர், படைப்பாளி, தயாரிப்பாளர் ஆகியோருக்குச் சேரும். சான்றிதழ் ஓடிடி தளத்துக்கும் உண்டு.

சரி, தேசிய விருதில் சீரியலுக்கு இடமில்லையா?

இல்லை. தேசியத் திரைப்பட விருதுகள் பெயருக்கு ஏற்றபடி திரைப்படங்களுக்கும் சினிமா பற்றிய எழுத்துக்கும்தான். டிவி சீரியலுக்கோ வெப் தொடருக்கோ அதில் பிரிவு கிடையாது. இரண்டு மணி நேரப் படத்தில் நடித்தவருக்குக் குடியரசுத் தலைவர் கையால் பதக்கம் கிடைக்கலாம். ஆறு வருஷம் தினமும் அழுது, சிரித்து, வசனம் பேசி ஆயிரம் எபிசோடு நடித்தவருக்கு அந்த வாய்ப்பே இல்லை.

அதனால்தான் கோவா விருது முக்கியமாகிறது. ஆனால் அதுவும் ஓடிடி தொடர்களுக்கு மட்டும். சேனலில் ஓடும் மெகா சீரியல் அதற்கும் வெளியேதான் நிற்கிறது.

அப்போ சேனல் சீரியலுக்கு யார் விருது தருகிறார்கள்?

தமிழ்நாட்டில் முக்கியமாக நான்கு வழிகள் இருக்கின்றன.

1. தமிழ்நாடு அரசின் சின்னத்திரை விருதுகள்

திரைப்பட விருதுகளைப் போலவே நெடுந்தொடர்களுக்கும் அரசு விருது தருகிறது. சிறந்த நெடுந்தொடர், சிறந்த கதாநாயகன், கதாநாயகி, இயக்குநர் என்று பிரிவுகள் உண்டு. பெருமைக்குரிய விருதுதான். ஆனால் அது கைக்கு வந்து சேர்ந்த கதை தனி சீரியலாகவே எடுக்கலாம்.

2009 முதல் 2013 வரையிலான ஆண்டுகளுக்குரிய சின்னத்திரை விருதுகள் 2017 ஜூலையில்தான் அறிவிக்கப்பட்டன. அறிவித்த பிறகும் விழா நடக்கவில்லை. ஆட்சி மாறி, கொரோனா வந்து போய், கடைசியில் 2022 செப்டம்பர் 4 அன்று சென்னை கலைவாணர் அரங்கத்தில் வழங்கப்பட்டன. 2009-ல் ஓடிய சீரியலுக்கு 2022-ல் விருது. கணக்குப் போட்டால் 13 வருஷம். அந்த சீரியலில் குழந்தையாக நடித்தவர் அதற்குள் கல்லூரியே முடித்திருப்பார்.

தாமதம் வெறும் எரிச்சல் மட்டுமல்ல. ஒரு நடிகருக்கோ எழுத்தாளருக்கோ விருது பயன்படுவது அடுத்த வேலை தேடும்போதுதான். பத்து வருஷம் கழிந்து வரும் கேடயம் ஷோகேஸை நிரப்பும், வாய்ப்பைக் கொண்டு வராது.

2. சேனல்களின் சொந்த விருது விழாக்கள்

சன் குடும்பம் விருதுகள், விஜய் டெலிவிஷன் விருதுகள், ஜீ தமிழ் குடும்ப விருதுகள். இவை எல்லாருக்கும் தெரிந்தவை. மக்களிடம் ஓட்டு கேட்பார்கள், நட்சத்திரங்கள் ஆடுவார்கள், பிடித்த ஜோடி, பிடித்த மாமியார் என்று விருது தருவார்கள்.

இதில் ஒரு விஷயத்தை மறந்துவிடக் கூடாது. ஒவ்வொரு சேனலும் தன் சீரியல்களுக்கு மட்டும்தான் விருது தருகிறது. வீட்டுக்குள்ளேயே ஓட்டப்பந்தயம் வைத்து வீட்டுப் பிள்ளைக்கே கோப்பை கொடுப்பது மாதிரி. தப்பில்லை. கேமராவுக்குப் பின்னால் இருப்பவர்களும் மேடை ஏறும் நாள் அது. ஆனால் மற்ற சேனல்களோடு மோதி வென்ற விருது என்று அதை எடுத்துக்கொள்ள முடியாது.

3. கலைமாமணி

தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றம் மூலம் அரசு வழங்கும் விருது. சின்னத்திரைக் கலைஞர்களும் பெற்றிருக்கிறார்கள். ஆனால் இது கலைஞருக்குக் கிடைப்பது, சீரியலுக்கு அல்ல.

4. டிஆர்பி

இதை விருது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் சீரியல் யூனிட்டில் எல்லாரும் பயப்படும் மதிப்பெண் இதுதான். தேர்ந்தெடுத்த சில வீடுகளில் கருவி வைத்து, எந்த நிகழ்ச்சியை எவ்வளவு பேர் பார்க்கிறார்கள் என்று பார்க் அமைப்பு வாரா வாரம் கணக்கிட்டுச் சொல்கிறது. எண் ஏறினால் கதை நீளும். இறங்கினால் நேரம் மாறும், இல்லாவிட்டால் ‘விரைவில் கிளைமாக்ஸ்’ என்று புரொமோ வரும்.

விருதுக்கும் டிஆர்பிக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். டிஆர்பி எத்தனை பேர் பார்த்தார்கள் என்று சொல்லும். எதற்காகப் பார்த்தார்கள் என்று சொல்லாது.

காரைக்குடியில் ஒரு கின்னஸ்

விருதுக் குழுவே இல்லாமல் கிடைத்த அங்கீகாரமும் தமிழ் சீரியலுக்கு உண்டு. சன் டிவியில் 2010-ல் தொடங்கிய ‘நாதஸ்வரம்’ நினைவிருக்கும். இயக்கி நடித்தவர் ‘மெட்டி ஒலி’ திருமுருகன். நாதஸ்வர வித்வானாக மௌலி. கதை நடக்கும் இடம் காரைக்குடி.

2014-ல் அதன் ஆயிரமாவது எபிசோட் வந்தபோது, காரைக்குடியிலிருந்து நேரலையாக, வெட்டே இல்லாமல் ஒரே ஷாட்டில் 23 நிமிடங்களுக்கு மேல் நடித்து ஒளிபரப்பினார்கள். கின்னஸ் சாதனையாக அது பேசப்பட்டது.

இதன் கஷ்டம் சீரியல் ஷூட்டிங் தெரிந்தவர்களுக்குப் புரியும். வழக்கமாக ஒருவர் வசனம் மறந்தால் ‘ஒன் மோர்’ சொல்லலாம். நேரலையில் அது கிடையாது. ஒரு கதவு திறக்காவிட்டாலும், ஒரு மைக் வேலை செய்யாவிட்டாலும் தமிழ்நாடே பார்த்துவிடும். நாடக மேடையில் பழகிய ஒழுங்கு சின்னத்திரைக்கும் வேண்டும் என்று அந்த 23 நிமிடம் காட்டியது.

உலக அளவில்? எம்மின்னா என்ன?

சினிமாவுக்கு ஆஸ்கர் மாதிரி டிவிக்கு எம்மி. ஆனால் இதில் ஒரு குழப்பம் அடிக்கடி வரும். எம்மி என்ற பெயரில் தனித்தனி விருதுகள் இருக்கின்றன.

அமெரிக்காவில் ஒளிபரப்பாகும் மாலை நேர நிகழ்ச்சிகளுக்குத் தருவது பிரைம்டைம் எம்மி. அமெரிக்காவுக்கு வெளியே உருவாகும் நிகழ்ச்சிகளுக்கு நியூயார்க்கைச் சேர்ந்த இன்னோர் அமைப்பு தருவது சர்வதேச எம்மி. இந்தியத் தொடர்கள் போட்டியிடுவது இந்த இரண்டாவது விருதுக்கு.

இந்தியாவின் கணக்கு இப்படி:

2019: ‘சேக்ரட் கேம்ஸ்’ சிறந்த நாடகத் தொடர் பிரிவில் பரிந்துரை. விருது பிரிட்டனின் ‘மெக்மாஃபியா’வுக்கு.

2020: ‘டெல்லி கிரைம்’ அதே பிரிவில் வென்றது. சிறந்த நாடகத் தொடருக்கான சர்வதேச எம்மி வாங்கிய முதல் இந்தியத் தொடர். 2012 டெல்லி பாலியல் வன்கொடுமை வழக்கின் விசாரணையை வைத்து ரிச்சி மேத்தா இயக்கியது. ஷெஃபாலி ஷா காவல் அதிகாரியாக நடித்தார்.

2021: ‘ஆர்யா’ பரிந்துரை. விருது இஸ்ரேலின் ‘டெஹ்ரான்’ தொடருக்கு.

2023: நகைச்சுவைப் பிரிவில் வீர் தாஸ், பிரிட்டனின் ‘டெர்ரி கேர்ள்ஸ்’ தொடரோடு விருதைப் பகிர்ந்துகொண்டார்.

2024: ‘தி நைட் மேனேஜர்’ இந்தித் தொடர் பரிந்துரை.

இந்தப் பட்டியலில் தமிழ்த் தொடர் இல்லை. மொழிதான் தடையா? அப்படிச் சொல்ல முடியாது. கொரிய மொழியில் எடுத்த ‘ஸ்க்விட் கேம்’ 2022-ல் ஆறு பிரைம்டைம் எம்மி வாங்கியது. பெரும்பாலும் ஜப்பானிய மொழியில் பேசும் ‘ஷோகன்’ 2024-ல் ஒரே சீசனுக்கு 18 எம்மி அள்ளியது. சப்டைட்டில் படித்துப் பார்க்கும் பழக்கம் உலகமெங்கும் வந்துவிட்டது. ராஜபாளையத்தில் உட்கார்ந்து கொரியத் தொடர் பார்க்கும் கல்லூரிப் பெண்களைக் கேட்டால் தெரியும்.

பரிந்துரை மட்டும்தான்னா அது தோல்வியா?

அப்படிப் பார்க்க வேண்டியதில்லை. 46-ல் ஐந்து என்பது ஒன்பதில் ஒன்றைவிடவும் குறைவு. அதைவிட முக்கியம், அந்த ஐந்தின் பெயர்களும் ஆங்கிலத்திலும் பிற மொழிகளிலும் அறிவிக்கப்படுகின்றன. தமிழ் தெரியாத ஒருவர் ‘அயலி’ என்ற பெயரை முதல்முறை கேட்பது அப்படித்தான்.

இன்னொன்றும் இருக்கிறது. வெப் தொடர் சீரியல் மாதிரி ஓடி முடிந்து காணாமல் போவதில்லை. தளத்தில் கிடக்கும். கிட்டத்தட்ட ரெண்டு வருஷம் கழித்து வரும் ஒரு பரிந்துரை, பார்க்காதவர்களை மறுபடி தேட வைக்கும்.

1990-ல் சட்டம் என்ன சொன்னது?

‘அயலி’யைப் பார்த்த பலர், ‘அந்தக் காலத்துல அப்படித்தான், சட்டம் எங்க இருந்துச்சு?’ என்று நினைத்திருக்கலாம். உண்மை வேறு.

குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் முதலில் வந்தது 1929-ல். சாரதா சட்டம் என்று பெயர். அப்போது பெண்ணுக்கு 14 வயது. 1978-ல் திருத்தம் வந்து பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 என்று உயர்ந்தது. அதாவது தமிழ்ச்செல்வியின் கதை நடக்கும் 1990-ல், 18 வயது விதி வந்து 12 வருஷம் ஆகிவிட்டது.

அதே காலத்தில் தமிழ்நாடு அரசு இன்னொன்றும் செய்தது. 1989-ல் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் திருமண உதவித் திட்டம் வந்தது. எட்டாம் வகுப்பு வரை படித்த ஏழைப் பெண்ணின் கல்யாணத்துக்கு 5,000 ரூபாய். பார்க்கச் சின்ன நிபந்தனைதான். ஆனால் ‘பொம்பளப் புள்ளைய எதுக்குப் படிக்க வைக்கணும்?’ என்ற கேள்விக்கு அது ஒரு பதில் வைத்தது.

சட்டமும் இருந்தது, திட்டமும் இருந்தது. கிராமத்துக்குள் போய்ச் சேரத்தான் ஆள் வேண்டியிருந்தது. தொடர் காட்டுவதும் இந்த இடைவெளியைத்தான்.

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூருக்கு இதில் என்ன?

விருதுநகர் மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், பேருந்தில் ஏறினால் அரை மணி நேரத்துக்குள் போய்விடும் தூரத்தில் இருக்கும் இரண்டு ஊர்கள். ராஜபாளையத்தில் நூற்பாலைகள், பக்கத்துச் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெசவு. ஸ்ரீவில்லிபுத்தூரில் கைத்தறி, பால்கோவா, ஆண்டாள் கோயில். இங்கே பெண்கள் வேலைக்குப் போகாத தெரு குறைவு.

வேலை இருப்பது நல்லதுதான். ஆனால் பத்தாவதோ பன்னிரண்டாவதோ முடித்த பெண்ணிடம் வீடு கேட்கும் கேள்வி இன்னும் மாறவில்லை. காலேஜா, மில்லா, கல்யாணமா? அந்தக் கேள்விக்கு ‘அயலி’ சொல்லும் பதிலை ஒரு குடும்பம் சேர்ந்து உட்கார்ந்து பார்ப்பதற்கும், பள்ளிக்கூடத்தில் பாடமாகக் கேட்பதற்கும் வித்தியாசம் உண்டு. அப்பாவும் அதே அறையில் இருப்பார் இல்லையா?

ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்கு இன்னொரு விஷயமும் தோன்றலாம். மனிதரை மணக்க மாட்டேன் என்று தன் வாழ்க்கையைத் தானே முடிவு செய்த பெண்ணைத்தான் இந்த ஊர் ஆண்டாளாகக் கும்பிடுகிறது. ஆடிப்பூரத்தன்று அவள் தேரை ஊரே சேர்ந்து இழுக்கிறது. தெய்வத்தின் பெயரைச் சொல்லிப் பெண்ணின் படிப்பை நிறுத்துவது சரியா என்று வேறு ஊர்க்காரர்களைவிட இவர்கள் சுலபமாகக் கேட்கலாம்.

இப்போது சட்டம் என்ன? யாரிடம் சொல்வது?

இப்போது நடைமுறையில் இருப்பது குழந்தைத் திருமணத் தடைச் சட்டம், 2006.

வயது: பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21.

தண்டனை: குழந்தையை மணக்கும் 18 வயதைத் தாண்டிய ஆண், கல்யாணத்தை நடத்தி வைப்பவர், துணை போகும் பெற்றோர் என எல்லார் மீதும் வழக்கு வரலாம். இரண்டு ஆண்டு வரை கடுங்காவல், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம்.

நடக்கும் முன்பே நிறுத்தலாமா? முடியும். நீதிமன்றம் தடை உத்தரவு போடலாம். தடையை மீறி நடத்தினால் அந்தத் திருமணமே செல்லாது.

நடந்து முடிந்துவிட்டால்? குழந்தையாக இருந்தபோது கல்யாணம் செய்து வைக்கப்பட்டவர் அதை ரத்து செய்யச் சொல்லி நீதிமன்றம் போகலாம். சட்டப்படி மேஜரான பிறகும் இரண்டு ஆண்டு வரை அவகாசம் உண்டு.

‘கல்யாணம்தான் ஆயிடுச்சே’ என்று விட்டுவிடலாமா? விட முடியாது. 18 வயதுக்குக் கீழுள்ள மனைவியுடன் உறவு கொள்வதும் குற்றம்தான் என்று 2017 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

யாரிடம் சொல்வது? குழந்தைகள் உதவி எண் 1098, பெண்கள் உதவி எண் 181. மாவட்ட சமூக நல அலுவலரிடமும், பக்கத்துக் காவல் நிலையத்திலும் சொல்லலாம். ஆசிரியர், தோழி, பக்கத்து வீட்டுக்காரர் என்று யார் வேண்டுமானாலும் தகவல் தரலாம்.

மேலே படிக்கப் பணம்? பழைய திருமண உதவித் திட்டம்தான் 2022 செப்டம்பர் 5 முதல் ‘புதுமைப் பெண்’ திட்டமாக மாறியது. 6 முதல் 12-ம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண், கல்லூரி, டிப்ளமோ, ஐடிஐ எதில் சேர்ந்தாலும் படிப்பு முடியும் வரை மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வரும். அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் பிறகு நீட்டிக்கப்பட்டது. கல்யாணத்துக்குத் தந்த பணம் படிப்புக்குத் திரும்பியது. 1990-ல் தமிழ்ச்செல்வி கேட்டதும் அதுதான்.

சுருக்கமாக

தேசியத் திரைப்பட விருதில் சீரியலுக்கும் வெப் தொடருக்கும் இடமில்லை.

ஓடிடி தொடருக்கு இந்திய அளவில் 2023 முதல் கோவா விழாவில் ஒரு விருது. பரிசு 10 லட்சம் ரூபாய். முதல் ஆண்டு ‘பஞ்சாயத்’ இரண்டாம் சீசன், 2024-ல் ‘லம்பன்’. 2024-ன் இறுதி ஐந்தில் ‘அயலி’.

சேனல் சீரியலுக்குத் தமிழ்நாடு அரசின் சின்னத்திரை விருது உண்டு. 2009 முதல் 2013 வரையிலானவை 2022-ல்தான் கைக்கு வந்தன.

சேனல் விருதுகள் அந்தந்த சேனலின் சீரியல்களுக்கு மட்டும்.

சிறந்த நாடகத் தொடருக்கான சர்வதேச எம்மியை முதலில் வென்ற இந்தியத் தொடர் ‘டெல்லி கிரைம்’, 2020-ல். தமிழ்த் தொடர் இன்னும் வாங்கவில்லை.

பால்கோவாவுக்குப் புவிசார் குறியீடு வருவதற்கு முன்னாலும் அதன் ருசி அப்படியேதான் இருந்தது. குறியீடு செய்தது, பெயரைப் பாதுகாத்து வெளியூர்க்காரர்களுக்கும் அடையாளம் காட்டியதுதான். நல்ல தொடருக்கு விருது செய்வதும் இதையே. கோவா மேடையில் ‘அயலி’யின் பெயர் விருதுக்காகக் கூப்பிடப்படவில்லை. ஆனால் ஒன்பதாவது படிக்கும் ஒரு பெண், ‘அம்மா, நான் மேல படிக்கிறேன்’ என்று சொல்ல அந்தத் தொடர் துணையாக இருந்தால், அந்த வீட்டில் அதற்குக் கிடைத்த அங்கீகாரம் சின்னதல்ல.